கடலுக்கு அடியில் ஒருவரும் கதைப்பதில்லை

காய்ச்சல் விட்டு எழும்பிய கிழமையில் இடது காதுக்குள் தண்ணீர் போனதுபோல ஓர் அடைப்பு இருந்தது. குளிக்கும்போது போயிருக்கும் என்று தலையைச் சரித்துத் தட்டிப் பார்த்தேன். பிறகு வலது காதும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கொழும்புக்கும் போய்வந்தோம். உள்காது நரம்பு பழுதாகிவிட்டது, திரும்பி வருவது சந்தேகம் என்றார்கள். காதில் மாட்ட ஒரு கருவி தந்தார்கள். அதைப் போட்டால் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. படலை திறபடுவதும், குசினியில் சட்டி விழுவதும், என் கணவர் கதைப்பதும் எல்லாம் தகரத்தை நிலத்தில் இழுப்பது போல ஒரே மாதிரி இருந்தன. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து கடந்திருந்தது. வீடு புங்குடுதீவில், இறுப்பிட்டியில். வேலணையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வருகிற சனத்தோடு கதைக்கிற முன் மேசைதான் என் இடம். காது போனபின் என்னைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அது தண்டனை இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். யன்னலோரமாகக் கதிரை போட்டு, கணினியில் தட்டச்சு செய்யும் வேலையைத் தந்தார்கள். காது கேட்காதவளோடு ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை, பகிடி விடுவதுமில்லை. கண்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது என்ன என்று கேட்டால், “ஒண்டுமில்லை, பேந்து சொல்லுறன்” என்பார்கள். அந்தப் ‘பேந்து’, அந்தப் பிறகு, எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நானும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் நேரம் கேட்டேன். முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை.

வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். மகள் கல்யாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். என் கணவர் இளவயதில் தகப்பனோடு தெற்கே கடையில் நின்றவர். கடை போனபின் ஊருக்கு வந்து மாடும் வயலும் பனங்காணியும் பார்க்கிறார். பெரிய கதைகாரர். சந்திக்குப் போய் வந்தால் சந்தியையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். யார் என்ன சொன்னது, அதற்கு இவர் என்ன சொன்னது, அதற்கு அவன் முகம் போன போக்கு என்று எல்லாம் நடித்துக் காட்டுவார். நான் செவிடானபின் அந்த மனிதருக்குச் சொற்கள் நாலைந்துதான் மிஞ்சின. சாப்பாடு. பஸ். மாடு. மருந்து. அவருடைய உதட்டைப் பார்த்து ஓரளவுக்கு விளங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். ஆனால் நீளமான கதையை உதடு பார்க்கிறவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. படலையடியில் யாரோடாவது நின்று கையை வீசி வீசிக் கதைப்பதைக் குசினி யன்னலால் பார்ப்பேன். உள்ளே வந்ததும் கைகள் இரண்டும் தொங்கிப்போகும்.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் மகளிடமிருந்து கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. பேரனின் பள்ளிக்கூடத்தில் கோட்டைகள் பற்றிப் படிப்பிக்கிறார்களாம், ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிற கோட்டையின் படம் ஒன்று தேடி அனுப்பச் சொன்னாள். தேடினேன். கோட்டைப் படங்களுக்கு நடுவில் சம்பந்தமில்லாத ஒரு படம் வந்தது. கடலின் அடித்தரை. மணலில் பாதி புதைந்தபடி வரிசையாகச் சாடிகள். அவற்றுக்கு மேலே கறுப்பு உடுப்போடு ஒரு சுழியோடி தலைகீழாக நின்றார். தொட்டதும் காணொளியாக ஓடத் தொடங்கியது.

மூன்று பேர் கீழே இறங்கினார்கள். பழைய கப்பல் ஒன்று அங்கே மூழ்கித் தாண்டு கிடக்கிறது, அதை அளக்கப் போகிறார்கள் என்பதைத் தொடக்கத்தில் வந்த எழுத்தில் இருந்து விளங்கிக்கொண்டேன். அடித்தரையில் கயிற்றால் சதுரம் சதுரமாகக் கட்டியிருந்தார்கள். ஒருவர் அளவுநாடாவைப் பிடிக்க, மற்றவர் பிளாஸ்ரிக் மட்டையில் பென்சிலால் கீறினார். தண்ணீருக்குள் பென்சில் எழுதும் என்பதே எனக்குப் புதினம். ஒருவர் சாடியின் மேல் படிந்த மணலைக் கையால் தொடாமல், கையை விசிறி விசிறித் தண்ணீரால் விலக்கினார். மணல் புகையாக எழும்பி மெல்ல அடங்கியது.

பாதி பார்த்தபிறகுதான் ஒன்று உறைத்தது. எனக்கு எதுவும் தப்பவில்லை. வாயில் குழாயைக் கடித்துக்கொண்டிருக்கிறவர்களால் எப்படிக் கதைக்க முடியும்? அவர்கள் கையால் கதைத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் முகம் பார்த்து, தோளைத் தொட்டு, விரலைக் காட்டி. நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றவர்கள் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. காது போனபிறகு ஒரு படத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். கோட்டைப் படத்தை மகளுக்கு அனுப்ப மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் பார்த்தேன். குளிர்க் கடலில் மரம் குலையாமல் நிற்கிற கப்பல்கள், தண்ணீருக்குள் போன துறைமுகங்கள், எங்கள் நாட்டின் தெற்குக் கரைக்கு அப்பால் கிடக்கிற மிகப் பழைய கப்பல் ஒன்று. யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் கடந்துபோகிற அல்லைப்பிட்டியில் சீனத்துப் பீங்கான் துண்டுகள் கண்டெடுத்திருக்கிறார்கள் என்பதைக்கூட அந்தத் தேடலில்தான் அறிந்தேன். எத்தனை வருடம் அந்த ஊரைப் பார்த்தபடி போயிருக்கிறேன்! பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாக நடத்துகிற கடலடித் தொல்லியல் வகுப்பில் சேர்ந்தேன். பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடும். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். நிறுத்தி நிறுத்தி, அகராதி பார்த்துத்தான் படித்தேன். மரத்தைப் புழு தின்னும், ஆனால் சேற்றுக்குள் புதைந்த மரத்தை அது தொடாது என்று படித்தேன். கடலில் இருந்து ஒரு பொருளை ஆசைப்பட்டு வெளியே எடுத்தால், உப்பு நீக்கிப் பக்குவம் செய்யாவிட்டால் அது கண்முன்னே உதிர்ந்துவிடும் என்று படித்தேன். எடுப்பது கடைசி வேலை. பார்ப்பதும் அளப்பதும் எழுதுவதும்தான் முதல் வேலை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கணவர் இதை முதலில் கவனிக்கவில்லை. மனிசி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

ஒருநாள் வகுப்பில் சுழியோடிகளின் சைகைகளைப் படிப்பித்தார்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் ‘சுகம், பிரச்சினையில்லை’. பெருவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’. பிறகு ஒரு சின்னக் காட்சி வந்தது. இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நின்று, கையை ஆட்டி, சுட்டுவிரலால் தன் காதைக் காட்டுகிறார். காதில் பிரச்சினை. மற்றவர் உடனே நின்றார். அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே அவரைப் பார்த்தபடி காத்திருந்தார். காது சரியானதும் வளையம் காட்ட, இரண்டு பேரும் திரும்பவும் சேர்ந்து இறங்கினார்கள்.

அவசரமில்லை, சலிப்பில்லை. காதைக் காட்டினவரிடம் ‘ஒண்டுமில்லை, நீ இரு, நான் போயிட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டு மற்றவர் போகவில்லை. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்த கணவர் என் முகத்தைக் கண்டு பயந்துபோனார்.

“என்ன? மகளுக்கு ஏதுமோ?”

இல்லை என்று தலையாட்டி, போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே பார்த்தார். பார்த்து முடிய, திரும்ப முதலில் இருந்து போடச் சொன்னார். பிறகு வாங்கில் என் முன்னால் வந்து இருந்து, தன் கையை விரித்து ஆட்டி, விரலை நீட்டி என் காதைக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். காதில் பிரச்சினையா?

“ஓம்,” என்றேன். “காதிலைதான். ஆனா நீங்கள் முன்னாலை போயிட்டியள்.”

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் குனிந்து போனை வாங்கில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, உதடு வடிவாகத் தெரியும்படி ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “எப்பிடிக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லையப்பா. பிழையாச் சொல்லி உம்மை அந்தரப்படுத்திப் போடுவனோ எண்டு விட்டிட்டன்.”

அன்றிலிருந்து வீட்டில் எங்களுக்குச் சைகை வந்துவிட்டது. வகுப்பில் இல்லாததையெல்லாம் அவர் தானே கண்டுபிடித்தார். பஸ் வருகிறது என்பதற்கு ஒன்று, ஓயாமல் கதை அலம்புகிற பக்கத்து வளவுக்காரருக்கு ஒன்று, கறியில் உப்புக் கூடிவிட்டது என்பதற்கு ஒன்று. சாப்பாடு நன்றாயிருந்தால் பெருவிரலை உயர்த்துவார். கடலுக்கடியில் அதற்கு ‘மேலே போவோம்’ என்று அர்த்தம் என்று நான் திருத்துவேன். “அப்ப வாரும், மொட்டை மாடிக்குப் போவம்,” என்பார். எங்கள் வீட்டில் மொட்டை மாடி இல்லை. பகிடி திரும்பி வந்திருந்தது. சந்திக் கதைகளும் பாதி உதட்டாலும் பாதி கையாலும் திரும்பி வந்தன.

வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார்கள். உங்களுக்கு எட்டக்கூடிய ஒரு கரையில் கடல் வற்றுகிற வத்து நேரத்தில் நடந்து, கண்ணில் படுவதைத் தொடாமல் படமெடுத்து, அளந்து, எழுதி அனுப்புங்கள். அந்த நேரம் பார்த்து நெடுந்தீவில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் ஒரு சடங்குக்குச் சொல்லியிருந்தார்கள். காது போனபின் நான் படகில் ஏறவில்லை. உள்காது கெட்டால் நிலை தளம்பும். தரையில் நடக்கும்போதே சிலவேளை சுவரைப் பிடிப்பேன். ஆனால் நெடுந்தீவுக் கரையை நினைக்க ஆசையாக இருந்தது. வருகிறேன் என்றேன்.

குறிகட்டுவானில் ஏறி, படகு துறையை விட்டதும் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் எனக்கு இல்லை. அதன் அதிர்வு மட்டும் பலகையால் வந்து முதுகில் ஏறியது. அவர் நேர் முன்னால் வந்து இருந்துகொண்டு கொஞ்சத்துக்கு ஒருதரம் வளையம் காட்டிக் கேட்டார். நான் திருப்பி வளையம் காட்டினேன். நடுக்கடலில் என்னால் ஏலவில்லை. கையை விரித்து ஆட்டினேன். அவர் பெருவிரலை உயர்த்தினார், இந்தமுறை சரியான அர்த்தத்தோடு. கையைப் பிடித்து மேல்தட்டுப் படியால் கூட்டிக்கொண்டு போய், வானமும் கடலும் முட்டுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னார். அது அசையாமல் நின்றது. அதையே பார்த்தபடி நெடுந்தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

சடங்கு முடிந்த அடுத்தநாள் காலையில் கரைக்குப் போனோம். வத்துக்குத் தண்ணீர் இறங்கி, கற்பார்ப் பாறைகள் வெளியே தெரிந்தன. சிப்பி, வலைத்துண்டு, கிழிந்த செருப்பு, போத்தல். எல்லாவற்றையும் படமெடுத்தேன். கொஞ்சம் தள்ளிப்போன கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிக் கூப்பிட்டார். கல்லோடு கல்லாக இறுகிப்போன இரும்பு வளையம் ஒன்று, சோறு வடிக்கிற பானையின் வாயளவுக்கு. அவர் ஏற்கனவே அதைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிட்டார்.

“தொடாதேங்கோ,” என்று கத்தினேன்.

“ஒல்லாந்தரின்ரையப்பா! கப்பல் கட்டின வளையம். கழட்டிக்கொண்டு போய்க் காட்டுவம்.”

“கழட்டினா இது வெறும் இரும்பு. இஞ்சை கிடந்தாத்தான் இது என்னெண்டு சொல்லும்.”

மனமில்லாமல் கையை எடுத்தார். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து நாலு பக்கத்தாலும் படமெடுத்து, எங்கே இருக்கிறது என்று குறித்து வகுப்புக்கு அனுப்பினேன். வகுப்பு நடத்துகிறவரிடமிருந்து கொஞ்ச நாளில் பதில் வந்தது. படங்களும் அளவும் நன்றாக இருக்கின்றன என்று பாராட்டியிருந்தார். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வளையம் அண்மைக்காலத்துப் படகுகளைக் கட்டப் போட்டதாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். எனக்கு அது போதும். என் கணவருக்குத்தான் தாங்கவில்லை. ஒரு கிழமை முழுதும் அந்தாளுக்கு நெடுந்தீவைப் பற்றி என்ன தெரியும் என்று படலையடியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிச் சொன்னதில்தான் நான் படிக்கிற விசயம் ஊருக்குத் தெரிந்தது. வாசிகசாலைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார். ஏலாது என்றேன். பஸ்ஸில் திரும்பிப் பார்த்த முகங்கள் நினைவுக்கு வந்தன. என் குரல் எனக்கே கேட்காதபோது எப்படிச் சபையில் பேசுவது? கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நான் பின்னாலை சுவரோடை நிப்பன். என்னைப் பாத்துக் கதையும்.”

அப்படித்தான் செய்தோம். வாங்குகள் நிறைய ஆட்கள். எல்லாம் அவருடைய வாய் செய்த வேலை. குரல் கூடினால் அவர் பின்னால் நின்று பெருவிரலைக் கீழே காட்டுவார், குறைந்தால் மேலே. சரியாயிருந்தால் வளையம். திரும்பிப் பார்த்த ஓரிருவர் மனிதர் நுளம்பு அடிக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். சுவரில் படங்களைப் போட்டுக் காட்டி, சாடிகளையும் சதுரக் கயிறுகளையும் பென்சிலையும் பற்றிச் சொன்னேன். கப்பல் தாண்டால் எல்லாம் அழிந்துபோவதில்லை, சேறு மூடினதைக் கடல் கனகாலம் வைத்திருக்கும் என்றேன். சனம் அசையாமல் இருந்தது. முடிவில் அவர் வளையத்தை இரண்டு கையாலும் காட்டினார்.

எல்லோரும் எழும்பி வெளிக்கிட்டபின் ஓர் அம்மா மட்டும் வாங்கில் இருந்தா. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த அனலைதீவுக்காரி. கோயிலில் காண்பேன்; கதைத்ததில்லை. கிட்ட வந்து ஏதோ கேட்டா. உதடு பிடிபடவில்லை. கணவர் பக்கத்தில் வந்து நின்று, அவ சொன்னதை ஆறுதலாக எனக்குத் திருப்பிச் சொன்னார். அவவுடைய தம்பி இளவயதில் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

“அந்த வள்ளம் இப்பவும் கீழை கிடக்குமோ பிள்ளை?”

கணவர் அதைச் சொன்னபோது கையைப் பாவிக்கவில்லை. அத்தனை படத்தையும் நான் பார்த்தது அளக்கிறவர்களின் கண்ணால். அந்தச் சாடிகளுக்குப் பக்கத்தில் மூச்சடங்கினவனுக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

“மர வள்ளமெண்டா, வெளியிலை கிடந்ததைப் புழு திண்டிருக்கும் அக்கா. எங்கடை கடல் ஆழமில்லை, அலையும் அடிச்சிருக்கும். சேத்துக்குள்ளை போன பக்கம் மட்டும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

என் குரல் கூடியதோ குறைந்ததோ, கணவர் ஒன்றும் காட்டவில்லை. அவ திரும்பக் கேட்டதையும் அவரே எனக்குச் சொன்னார்.

“சேத்துக்குள்ளை போயிருந்தா இருக்கும், என்ன?”

“ஓம். போயிருந்தா இருக்கும்.”

“அப்ப கிடக்கட்டும். ஒருத்தரும் போய்க் கிளறவேண்டாம்.”

சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டா. புண்படுத்திவிட்டேனோ என்று வீடு வரும் வரைக்கும் கணவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நான் இன்னும் பின்னறையில்தான் வேலை செய்கிறேன். வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நீந்தத் தெரியாது, இனிப் பழகப்போவதுமில்லை. இந்தக் காதோடு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைப் பற்றிக் கவலையில்லை.

கூட்டத்துக்கு அடுத்த கிழமை அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. கணவர் வயலில் நின்றார். குசினியில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். முகத்தைப் பார்த்துக் கதைத்தால் விளங்கும் என்று சொன்னேன். அவ கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டு, தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டேன், திருப்பிச் சொன்னா. வள்ளத்துக்கு அவன் நீலம் அடித்து, விளிம்புக்கு வெள்ளைக்கோடு போட்டவனாம். கோடு நேராக வரவில்லை என்று இவ பகிடி பண்ணினவவாம்.

“பெயின்ற் காய முந்தியே இறக்கிக்கொண்டு போனவன்,” என்றா.